நம்ம ஆட்சியில் அடிபட்டவனுக்கு யார் பேசுவது?

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குக் கிழக்கேயும் மேற்கேயும் இருக்கிற எல்லாக் கட்சிகளின் கிளைச் செயலாளர்களுக்கும்,

வணக்கம். உடன்பிறப்பே என்று கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். ரத்தத்தின் ரத்தமே என்றால் இன்னொருவர். தோழரே என்றால் எங்கள் பக்கத்தில் நாலு பேர் திரும்புவார்கள், ஆனால் எந்தக் கட்சித் தோழரை என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அதனால் வெறும் வணக்கத்தோடு ஆரம்பிக்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். (பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூருக்குப் பிறகு வருகிறேன்.) எங்கள் ஊர்களில் தோப்பு ஒரு மாநிலத்தில், பெண் கொடுத்த வீடு இன்னொரு மாநிலத்தில் என்று இருப்பதால் கேஸும் இரண்டு பக்கமும் நடக்கும். பொள்ளாச்சி கோர்ட் வராந்தாவிலும் என்னைத் தெரிந்தவர்கள் உண்டு. எந்தக் கட்சியிலும் நான் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டும் என் கைபட்டுத்தான் உள்ளே போயிருக்கிறது.

சமீபத்தில் ஒரு கண்டனப் பொதுக்கூட்டம். எல்லையின் எந்தப் பக்கம், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. நீதிபதிகள் நியமனத்தில் மத்திய அரசு மூக்கை நுழைக்கிறது, நீதித்துறையின் சுதந்திரம் பறிபோகிறது என்பது பேசுபொருள். மாவட்டத் தலைவர் நன்றாகவே பேசினார். மேடையை விட்டு இறங்கும்போது ஒரு அம்மா ஜவுளிக்கடைக் கவர் ஒன்றை நீட்டினார். உள்ளே மனு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, மகனுடைய உள்ளங்கால் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. பைக் திருட்டு என்று சந்தேகத்தில் கூட்டிப்போய், இரண்டு ராத்திரி வைத்திருந்து, ஆள் மாறிவிட்டது என்று விட்டுவிட்டார்களாம். தலைவர் முதல் வரியைப் படித்தார். கவரைத் திருப்பிக் கொடுத்தார். “இது நம்ம ஆட்சிம்மா. இப்ப இதைக் கிளப்பினா எதிர்க்கட்சிக்காரன்தான் குதிப்பான். ஸ்டேஷன்ல நான் சொல்லிக்கிறேன், போங்க.”

எதிர்க்கட்சிக்காரர்கள் குதிக்கத்தான் செய்தார்கள். எப்படியோ சேதி தெரிந்து, அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பையனின் முகத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து முக்கில் கட்டிவிட்டார்கள். பையன் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கேஸே வேண்டாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். ஃப்ளெக்ஸ் கட்டியவர்களின் கட்சி ஆண்ட காலத்தில், அதே ஸ்டேஷனில், அதே மாதிரி ஒரு சங்கதி நடந்தபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வார்த்தைகூட மாறவில்லை.

அந்தம்மாவின் கேஸை நான் கிளறப்போவதில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது வேறு.

முதலில் நீதிபதிகள் விஷயம். மேடையில் பேசியவர் சொன்னதில் பாதி உண்மை. கேரளத்துக்காரரான கே.எம். ஜோசப், உத்தராகண்ட் தலைமை நீதிபதியாக இருந்தபோது 2016இல் அங்கே போட்ட ஜனாதிபதி ஆட்சியை ரத்து செய்தார். 2018 ஜனவரியில் அவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொலீஜியம், அதாவது நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிற மூத்த நீதிபதிகளின் குழு, பரிந்துரைத்தது. ஏப்ரலில் மத்திய அரசு பெயரைத் திருப்பி அனுப்பியது. ஆகஸ்டில்தான் பதவி கிடைத்தது. சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய எஸ். முரளிதரைச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்க 2022 செப்டம்பரில் பரிந்துரை போனது. டெல்லி அசையவே இல்லை. அவர் ஒடிசாவிலேயே ஓய்வு பெற்றார். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரைக் கொலீஜியம் இரண்டாம் முறை அனுப்பியது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குறை. அதே நேரத்தில் பரிந்துரைக்கப்பட்ட நாகர்கோவில்காரர் விக்டோரியா கௌரி, பா.ஜ.க. மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தவர். சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காக வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே வழக்கு நடந்துகொண்டிருந்த காலையில் சென்னையில் பதவிப் பிரமாணம் முடிந்தது. பிப்ரவரி 7. ஒருவர் பகிர்ந்த கட்டுரை குறையாகத் தெரிந்தது, இன்னொருவர் பேசிய பேச்சு தெரியவில்லை. ரப்பர் ஸ்டாம்பு வைக்கிற சாதாரண குமாஸ்தாவுக்குக்கூட இது விளங்கும்.

சரி, மீதிப் பாதி? அதை உங்களில் யாரும் மேடையில் பேசுவதில்லை.

அரசியல் சாசனத்தின் அடிப்படையை நாடாளுமன்றம்கூட மாற்றமுடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973 ஏப்ரலில் வந்தது. வழக்குப் போட்டவர் நம்ம காசர்கோடு எடநீர் மடத்துச் சாமியார். தீர்ப்பு வந்த கையோடு ஷெலத், ஹெக்டே, குரோவர் என்று மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது காங்கிரஸ் அரசு. நெருக்கடி நிலையின்போது உயிருக்குக்கூட உத்தரவாதம் கேட்டுக் கோர்ட்டுக்கு வரமுடியாது என்று 1976இல் நாலு நீதிபதிகள் சொன்னார்கள். மாட்டேன் என்றவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 1977 ஜனவரியில் அவரையும் தாண்டினார்கள்.

தி.மு.க. நண்பர்களே, 2014இல் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு வெளியிட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005 வாக்கில் சென்னை உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதி ஒருவரின் பதவியை நீட்டிக்கச் சொல்லி, உளவுத்துறை அறிக்கை பாதகமாக இருந்தும், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்குத் தமிழ்நாட்டுக் கூட்டணிக் கட்சி நெருக்கடி கொடுத்தது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதற்கு உங்களுக்கு ஒரு பதில் இருக்கலாம். ஆனால் மத்திய அரசு நியமனத்தில் தலையிடுகிறது என்று பேசுகிற மேடையில் அந்தப் பதிலையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆந்திரத்தில் 2020 அக்டோபரில் முதலமைச்சரே, ஜெகன்மோகன் ரெட்டி, உச்ச நீதிமன்றத்தின் அடுத்த தலைமை நீதிபதியாக வரவிருந்த என்.வி. ரமணாவைப் பற்றி அப்போதைய தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதி அதை வெளியிலும் விட்டார். அவர் சந்திரபாபு நாயுடுவுக்கு வேண்டியவர் என்பது புகார். அங்கே நீதிபதியின் பெயரைச் சொன்னாலே எந்தக் கட்சி என்று கேட்கிற நிலை.

2014 ஆகஸ்டில், கொலீஜியத்துக்குப் பதிலாக நீதிபதிகள் நியமன ஆணையம் அமைக்கிற மசோதா மாநிலங்களவையில் வந்தபோது எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. கொலீஜியம் ரகசிய மடம் மாதிரி நடக்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மாறுபட்ட அந்த ஒருவர், ஆந்திரத்துச் செலமேஸ்வர், கொலீஜியத்தின் ரகசியத்தைத்தான் குத்திக்காட்டினார். அப்புறம் பார்த்தால், ஆணையத்துக்கு ஓட்டுப் போட்ட எதிர்க்கட்சிகளுக்குக் கொலீஜியம் திடீரென்று ஜனநாயகத்தின் காவல் தெய்வமாகிவிட்டது. அமைப்பு அதேதான். டெல்லியில் உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் மாறியது.

நீதிபதிகளுக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைக்கும் பதவியும் இப்படித்தான். ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, சில மாதத்திலேயே 2014இல் எங்களுக்கு ஆளுநராக வந்தார். காங்கிரஸ் கடுமையாக எதிர்த்தது. 2023இல் அப்துல் நசீர், ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்து ஆந்திர ஆளுநர். அதற்கும் எதிர்ப்பு. நியாயமான எதிர்ப்புதான். ஆனால் பத்தனம்திட்டைக்காரரான பாத்திமா பீவி 1997இல் தமிழ்நாட்டு ஆளுநரானபோது டெல்லியில் ஆட்சியில் இருந்தவர்கள் வேறு. ரங்கநாத் மிஸ்ரா 1998இல் காங்கிரஸ் எம்.பி. ஆனார். 2020இல் ரஞ்சன் கோகோய்க்குக் கொடுத்த எம்.பி. பதவியைப் பற்றி காங்கிரஸ்காரர் பேசும்போது எதிரே இருக்கிறவருக்குச் சிரிப்பு வருவது அதனால்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டு வைத்தியநாதபுரம், வீட்டில் தமிழ். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் உள்ளே போனவர். 1952இல் பழைய மதராஸ் சட்டமன்றத்தில் உறுப்பினர். 1957இல் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்டமும் சிறையும் உட்படப் பல துறைகளுக்கு அமைச்சர். இப்படிப்பட்ட ஆளை 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்தபோது வக்கீல்கள் மத்தியில் கொந்தளிப்பு. பம்பாயில் சோலி சொராப்ஜி உட்படப் பலர் எதிர்த்தார்கள். கட்சிக்காரரை நீதிபதி ஆக்குகிறார்கள், இந்திரா காந்திக்குத் தலையாட்டப்போகிறார் என்று பேச்சு.

நடந்தது என்ன? 1975 ஜூன் 24. தன் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டு இந்திரா காந்தி வந்தார். விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். முழுத் தடை தரமுடியாது, நாடாளுமன்றத்தில் உட்காரலாம், ஓட்டுப் போடக்கூடாது என்று எழுதினார். மறுநாள் ராத்திரி நெருக்கடி நிலை. பிற்காலத்தில் திகார் சிறைக் கைதி ஒருவர், பக்கத்துக் கைதியை வார்டர் சித்திரவதை செய்கிறான் என்று ஒரு கடிதம் எழுதினார். வக்காலத்து இல்லை, கோர்ட் ஃபீஸ் இல்லை, வெறும் கடிதம். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு உத்தரவு போட்டார்கள். அதுதான் சுனில் பத்ரா வழக்கு. தீர்ப்பை எழுதியது கிருஷ்ணய்யர். கைதிக்குக் கண்டபடி விலங்கு மாட்டக்கூடாது என்று 1980இல் எழுதியதும் அவரே. எங்கள் ஆபீசில் ரிமாண்டு மனுக்களோடு அந்தத் தீர்ப்பின் நகலை இணைப்பது என் வேலையாக இருந்தது. அழுக்குப் படிந்த அந்தத் தாள்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. எதிர்த்தது தவறு என்று சொராப்ஜியே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார்.

ஒரு கைதி எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் கையில் வாங்கியது. கூட்டத்தில் அந்தம்மா கொடுத்த கவரை நீங்கள் வாங்கவில்லை.

இனி மனித உரிமை ஆணையங்கள். இங்கேதான் நியமனச் சண்டையும் மனித உரிமையும் ஒரே மேசைக்கு வருகின்றன. 2024 டிசம்பரில் மன்னார்குடிக்காரரான நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தேசிய மனித உரிமை ஆணையத் தலைவரானார். தேர்வுக் குழுவில் இருந்த கார்கேவும் ராகுலும் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார்கள்: முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள், எங்கள் கருத்தைக் கேட்கவில்லை, ரோகின்டன் நரிமன், கே.எம். ஜோசப் பெயர்களைப் பார்த்திருக்கலாம். தோழர்கள் இதைப் பற்றிக் கோபமாகப் பேசியதைக் கேட்டேன். ஆனால் 2023இல் திருவனந்தபுரத்தில் நடந்ததும் அதேதான். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, கேரளத் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர் எஸ். மணிகுமாரை இடதுசாரி அரசு தேர்ந்தெடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் சதீசன் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். ஆளுநர் கோப்பை வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மணிகுமாரே ஒதுங்கிக்கொண்டார். டெல்லியில் எதிர்ப்புக் குறிப்பு ஜனநாயகம்; திருவனந்தபுரத்தில் அது அரசியல். இரண்டு நீதிபதிகளின் தகுதியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. யாரை, ஏன் எடுத்தோம் என்பதை இரண்டு அரசும் மக்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

ஆந்திரத்துச் சித்தூருக்கு வருகிறேன். 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டியதாகச் சொல்லி இருபது பேரை ஆந்திர போலீஸ் சுட்டது. திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கூலிக்காரர்கள், பலர் மலைவாழ் மக்கள். தமிழ்நாட்டில் அத்தனை கட்சியும் கொதித்தது. கொதிக்கவேண்டியதுதான். ஆனால் அதே தர்மபுரியில், 1992 ஜூன் 20, வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போய் 18 பெண்களை நாசம் செய்தது தமிழ்நாட்டின் சொந்த அதிகாரிகள். அன்றைய அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்பைப் பார்க்காமலே செத்துப்போனார்கள். மிச்சம் 215 பேருக்கும் 2011இல் தண்டனை. 2023இல்தான் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சுட்டவன் வேறு மாநிலத்து போலீஸ் என்றால் நமக்கு ரத்தம் சூடேறுகிறது. நம்ம போலீஸ் என்றால் விசாரணைக் கமிஷன் வரட்டும் என்கிறோம்.

வாச்சாத்திக்காக நின்றவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தினர். சி.பி.எம். தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த வழக்கு அவர்கள் இல்லாமல் நகர்ந்திருக்காது. அதனால்தான் கேரளத் தோழர்களிடம் கேட்கிறேன்: 2019 அக்டோபரில் அட்டப்பாடி மஞ்சக்கண்டியில் உங்கள் அரசின் தண்டர்போல்ட் அதிரடிப் படை மாவோயிஸ்டுகள் என்று நாலு பேரைச் சுட்டபோது, கூட்டணியில் இருந்த சி.பி.ஐ.யே போலி மோதல் என்றது. செத்தவர்களில் தமிழர்களும் உண்டு. நல்லசிவனின் கட்சி அப்போது எங்கே போனது? அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் திருத்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டீர்கள். நவம்பரில் உங்கள் போலீஸ் அதே ஊபாவில் கோழிக்கோட்டில் இரண்டு மாணவர்களைப் பிடித்தது. அவர்கள் உங்கள் கட்சிப் பிள்ளைகள்.

காங்கிரஸ்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அந்தத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவாக ஓட்டுப் போட்டது உங்கள் கட்சி. 1976இல் கக்கயம் முகாமில் பொறியியல் மாணவன் ராஜன் அடிபட்டுச் செத்தபோது உள்துறை உங்கள் கருணாகரனிடம், முதலமைச்சர் சி.பி.ஐ.யின் அச்சுத மேனோன். பா.ஜ.க. நண்பர்கள் ஜூன் 25ஐ அரசியல் சாசனப் படுகொலை தினம் என்று அனுசரிக்கிறார்கள். ஊபாவில் பிடிபட்ட திருச்சிப் பக்கத்துப் பாதிரியார் ஸ்டேன் சுவாமி, கை நடுக்கத்தோடு, உறிஞ்சிக் குடிக்கக் குழாய் கேட்டு மனுப் போட்டதும், 2021 ஜூலையில் 84 வயதில் காவலிலேயே இறந்ததும் எந்த தினத்தில் சேரும்?

அ.தி.மு.க.வினரே, 2018இல் தூத்துக்குடியில் 13 பேர் சுடப்பட்டு இறந்ததை டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் உங்கள் முதலமைச்சர். 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் பிடிபட்டுச் சென்னைச் சிறையில் அடிபட்டு, 1977இல் இறந்துபோன சிட்டிபாபுவை மேடைதோறும் நினைவுகூர்கிற தி.மு.க. ஆட்சியில், 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளி போலீஸ் அடியில் செத்தார். 2020இல் சாத்தான்குளத்துக்கு ஓடியவர்கள் 2025இல் விளக்கம் சொன்னார்கள். 2020இல் விளக்கம் சொன்னவர்கள் 2025இல் ஓடினார்கள். வைகோவின் கதையைச் சொன்னால் போதும்: 2002 மார்ச்சில் பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா சட்டம் வந்தபோது அவர் கட்சி மத்தியில் ஆளும் கூட்டணியில் இருந்து ஆதரித்தது. ஜூலையில் ஜெயலலிதா அரசு அதே பொடாவில் அவரைப் பிடித்து வேலூரில் 19 மாதம் வைத்தது.

எங்களைப் போன்ற கேரளத் தமிழர்களுக்கு ஆறாத சங்கதி ஒன்று உண்டு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் செத்தார்கள். எஸ்டேட் லயத்துத் தமிழர்கள். அடுத்த நாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. முதலமைச்சர் கரிப்பூருக்கு உடனே போனார், பெட்டிமுடிக்கு ஒரு வாரம் கழித்து. கரிப்பூருக்குப் பத்து லட்சம், பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். உயிருக்கு இரண்டு விலையா என்று அப்போது கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர். ஆளுங்கட்சியில் இருந்த தமிழர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று மூணாறில் போய்க் கேளுங்கள்.

இப்போது எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும்? டெல்லியை மாற்றச் சொல்லவில்லை. கிளைச் செயலாளரால் கொலீஜியத்தை என்ன செய்யமுடியும்? ஆனால் உங்கள் எம்.எல்.ஏ.வை உங்களால் கேட்கமுடியும். மாநில மனித உரிமை ஆணையத் தேர்வுக் குழுவில் முதலமைச்சர், சபாநாயகர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோரும் இருக்கிறார்கள். பரிசீலித்த பெயர்களையும் காரணத்தையும் வெளியிடச் சொல்லுங்கள், உங்கள் ஆள் முதலமைச்சராக இருக்கும்போதும். போலீஸ்மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி இருக்கவேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. போலீஸ்மேல் புகாரை போலீஸ் துறையின் மேலதிகாரியிடமே கொடுக்கவேண்டும். அ.தி.மு.க. போட்ட சட்டம் அது. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சிக்கும் அது உறுத்தவில்லை. கிழக்குப் பக்கத்துக்காரர்கள் அதைக் கையில் எடுக்கலாம். ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவு இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் கேமரா ஓடுகிறதா என்று எல்லாக் கட்சியும் சேர்ந்து ஒருநாள் போய்க் கேட்டுவிட்டு வருவதற்கு எந்த மேலிடத்தின் அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. இனி எல்லையின் எந்தப் பக்கத்திலாவது ஸ்டேஷனில் யாராவது அடிபட்டால், அவருடைய சம்மதத்தோடு, மனுவை நானே எழுதித் தருகிறேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. கீழே ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளரின் கையெழுத்து முதலில் வரவேண்டும், மற்றவர்கள் அதற்குப் பிறகு. ஃப்ளெக்ஸ் வேண்டாம். காலை பத்து மணிக்குக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள டீக்கடையில் கேட்டால் என்னைக் காட்டுவார்கள். மனித உரிமை ஆணையத்துக்கு மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது. தபால் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்
கொழிஞ்சாம்பாறை